வின்ச்சுக்கு 'சூப்பர்கண்டக்டர் கிரீஸ்' போடலாமா?

கேள்வி: காசிமேட்டுப் படகுகளில் பாரம் இழுக்கும் வின்ச்சுகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். உராய்வைப் பாதியாகக் குறைக்கும் 'சூப்பர்கண்டக்டர் நானோ கிரீஸ்' என்று ஒருவர் விற்கிறார். விலை நாலு மடங்கு. வாங்கலாமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். ஆனால் அந்தப் 'பாதி' முழுப் புளுகும் இல்லை. 1998இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக்குலின் கிரிம்மின் குழு, ஈயத்தின் மேல் மிக மெல்லிய நைட்ரஜன் படலத்தை வழுக்கவிட்டு உராய்வை அளந்தது. ஈயம் மீக்கடத்தியாக (சூப்பர்கண்டக்டர், அதாவது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள்) மாறும் 7.2 கெல்வினில் உராய்வு சட்டென ஏறக்குறைய பாதியானது. அதாவது மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்!

உலோகத்தின் மேல் ஒன்று வழுக்கும்போது அந்த ஆற்றல் இரண்டு வழியில் வெப்பமாகிறது. ஒன்று, அணுக்கள் அதிர்வது. இன்னொன்று, எலக்ட்ரான்கள் இழுபட்டு மோதுவது. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடுவதால் இரண்டாவது வழி அடைபடுகிறது. அதிர்வு மிச்சமிருப்பதால் உராய்வு சுழியம் ஆவதில்லை. வேறொரு குழு செய்து பார்த்தபோது நைட்ரஜன் நகராமல் ஒட்டிக்கொண்டது, சர்ச்சை வளர்ந்தது. 2011இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் நையோபியம் என்ற மீக்கடத்தி உலோகத்தை வைத்துச் சோதித்தார்கள். 9.2 கெல்வினுக்குக் கீழே உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அங்கே உராய்வை அளந்த ஊசிமுனை உலோகத்தைத் தொடவே இல்லை. சில நானோமீட்டர் தள்ளியே ஆடியது.

உங்கள் வின்ச் ஆடுவது சித்திரை வெயிலில். அதன் பேரிங்கைத் தின்பது உப்புத் தண்ணீர், துரு, மணல், பாரம். இதில் எலக்ட்ரான் உராய்வுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். அந்தக் குளிர் கிடைத்தாலும் கிரீஸ் கல்லாகிவிடும்.

கடல் தண்ணீர் படும் பேரிங்குக்குக் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கேளுங்கள். நீரையும் துருவையும் நன்றாகத் தாங்கும். மெதுவாகச் சுற்றிப் பெரும்பாரம் இழுக்கும் புஷ், பின் போன்றவற்றுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு மாலி கிரீஸ் சரி. அதன் அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சுலபமாகச் சறுக்கும். உண்மையில் நானோ அளவு வித்தை என்றால் இதுதான், அதுவும் சாதாரண வெப்பத்திலேயே! வேகமாகச் சுழலும் மோட்டார் பேரிங்கில் மட்டும் மாலி கிரீஸைப் போடாதீர்கள்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதியதை வையுங்கள். இரண்டு வகை கலந்தால் இளகி ஒழுகிவிடலாம். விற்பவர் மறுபடி வந்தால் தடிப்பு எண் (கிரீஸ் எவ்வளவு கெட்டி என்பது), அடிப்படை எண்ணெயின் பிசுக்குமை, உருகிச் சொட்டும் வெப்பநிலை மூன்றையும் அச்சிட்ட தாளில் கேளுங்கள்.