புஷ்ஷை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா?

கேள்வி: எங்கள் பட்டறையில் சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) செய்யும் புஷ் (ஷாஃப்ட் எனும் தண்டில் மாட்டும், நடுவில் துளையுள்ள உருளைப் பாகம்) ஒன்றின் அடக்கவிலை 120 ரூபாய் என்கிறார் கணக்காளர். வெளியே ஒருவர் 100-க்குத் தருவதாகக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். செய்வதை நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்த 120-ஐப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மூலப்பொருள் 45, கூலி 20, மின்சாரமும் டூலும் (கடையும் வெட்டுக்கருவி) 15, ஓவர்ஹெட் 40 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த 40 வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், இயந்திரத் தேய்மானம். புஷ்ஷை வெளியே கொடுத்தாலும் வாடகை குறையப் போவதில்லை. ஆக, உங்களுக்கு மிச்சம் 80. கொடுக்கப் போவது 100. ஆபரேட்டருக்குக் கொடுக்க வேறு வேலை இல்லையென்றால் கூலியும் மிச்சமாகாது. ஓவர்ஹெட்டை எல்லாப் பொருள் மேலும் தூவிவிட்டு, அதையே அடக்கவிலை என்று எழுதித் தரும் பழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ!

ஒரே ஒரு நிலையில் கணக்கு புரளும். லேத்துக்கு ஓய்வே இல்லை, அதற்காக வேறு ஆர்டர் காத்துக் கிடக்கிறது என்றால் மணிக்கணக்கில் பாருங்கள். ஒரு புஷ்ஷுக்கு 6 நிமிடம் என்றால் மணிக்கு 10. வெளியில் வாங்காததால் புஷ்ஷுக்கு 20 வீதம் (100-இல் 80 போக) மணிக்கு 200 லாபம். அதே ஒரு மணி நேரத்தில் காத்திருக்கும் ஆர்டர், மூலப்பொருள், கூலி, மின்சாரம், டூல் போக 350 தருமா? அப்படியானால் புஷ்ஷைத் தாராளமாக வெளியே தள்ளுங்கள். 150 தான் தரும் என்றால் வேண்டாம். லேத் பாதி நாள் சும்மா நிற்கிறது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், அந்த 100 யாருடைய விலை? கொட்டேஷன் கொடுத்தவரிடம் லேத் இருக்கிறதா, நேரில் போய்ப் பாருங்கள். பல பேர் வெறும் தரகர்கள். சாம்பிளை நல்ல பட்டறையில் கடைந்து காட்டுவார்கள்; ஆர்டர் கிடைத்ததும் அந்தந்த மாதம் யார் மலிவோ அவரிடம் தள்ளுவார்கள். லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு முறை வரும் சரக்கிலும், உள்விட்டம் மாறும், ஷாஃப்டில் ஏறாது. கேட்டால், உங்கள் டிராயிங்கில்தான் தப்பு என்பார்கள். உங்கள் பர்ச்சேஸ்காரரோ பீஸ் விலையை 20 குறைத்துவிட்டதாகப் பாராட்டு வாங்கியிருப்பார். ரிஜெக்ட் ஆனது உற்பத்திப் பிரிவின் கணக்கில் ஏறும்.

வாங்குவதென்றே முடிவானாலும் வண்டிக்கூலி, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, ரிஜெக்ட்டுக்கு யார் பொறுப்பு, எந்தப் பட்டறையில் கடைகிறார்கள் என்ற நாலையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். சாம்பிளை நம்பாமல் முதல் லாட் முழுவதையும் உங்கள் கேஜில் (அளவு சரிபார்க்கும் கருவி) போட்டுப் பாருங்கள். அதுவரை புஷ் செய்யும்போது லேத்தில் பொருளைப் பிடிக்கும் ஜாவையும் செட்டிங் குறிப்பையும் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.