அப்லேஷனுக்குப் பிறகு இதயம் துள்ளினால்: கேள்வி பதில்

நான் ஈ.பி. லேபில் (இதயத்தின் மின்னோட்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் பிரிவு) டெக்னீஷியன், மருத்துவர் அல்ல. இதயத்துக்கு அப்லேஷன் (கோளாறான துடிப்பைக் கிளப்பும் திசுவை மெல்லிய குழாய் வழியாகச் செயலிழக்கச் செய்வது) முடிந்து வீடு திரும்பியவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் செய்து 12 நாள் ஆகிறது. நேற்று ராத்திரி பழையபடி தாறுமாறான துடிப்பு, மூன்று மணி நேரம் விடவில்லை. செய்ததெல்லாம் வீணா?

இவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்கு வர முடியாது. இந்தக் கோளாறைத் தொடங்கிவைக்கும் மின்துடிப்புகள் பெரும்பாலும், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளில்தான் பிறக்கின்றன. பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவக் குழு இதை 1998இல் காட்டியது. இன்றைய சிகிச்சை அதன்மேல் எழுந்ததுதான். அந்தச் சிரைகள் மேலறையில் திறக்கும் இடத்தைச் சுற்றி, சூட்டாலோ உறைகுளிராலோ மின்துடிப்பு அலைகளாலோ ஒரு வளையம் போடுகிறோம். அது ஆறித் தழும்பானால் மின்சாரம் அதைத் தாண்டாது.

ஆனால் 12 நாளில் அது தழும்பு அல்ல, புண். வீக்கமும் அழற்சியும் இருக்கும்போது சுற்றியுள்ள தசையே புதிதாகத் துடிப்புகளைக் கிளப்பிவிடும். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் வருவதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை பிளாங்கிங் பீரியட் என்பார்கள். நெடுங்காலம் மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024இல் சர்வதேச நிபுணர் குழு அதை எட்டு வாரமாகக் குறைத்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்றுமே வராதவர்களைவிட, வந்தவர்களுக்குப் பின்னாலும் வர வாய்ப்பு கூடுதல்தான். முதல் வாரத்தில் வந்ததைவிட எட்டாவது வாரத்தை ஒட்டி வருவதை டாக்டர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். ஆகவே நேற்று வந்ததை ‘இது சகஜம்’ என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடங்காமல் நீடித்தால் மாத்திரையை மாற்றுவார்கள், அல்லது மின் அதிர்ச்சி கொடுத்து (கார்டியோவெர்ஷன்) ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள்.

கேள்வி: ஒரு துடிப்பு அப்படியே நின்றுபோய், அப்புறம் ‘தொம்’ என்று அடிக்கிறது. படுத்தால்தான் அதிகம். நேற்று ஆக்சிமீட்டர் நாடித் துடிப்பு 42 என்று காட்டியது. பயமாக இருக்கிறது.

நின்றுபோகவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எக்டோபிக் மாதிரி இருக்கிறது. ஒரு துடிப்பு தன் முறை வருமுன் முந்திக்கொண்டு அடிக்கிறது. அந்த நேரத்தில் அறையில் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது, அதனால் நாடியில் எட்டாது. அதன்பின் சின்ன இடைவெளி. அதற்குள் கூடுதலாக ரத்தம் சேர்ந்துவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழும். உங்களை உலுக்குவது பெரும்பாலும் அந்த ஒழுங்கான துடிப்புதான்! இடப்பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், இன்னும் பலமாகக் கேட்கும். வலப்பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

ஆக்சிமீட்டர் எண்ணுவது விரலுக்கு வந்துசேரும் துடிப்பை மட்டும். ஒன்று விட்டு ஒன்று எக்டோபிக் வந்தால், 84 அடிக்கும் இதயத்தை அது 42 என்றுதான் சொல்லும். ரத்த அழுத்த மெஷினும் இப்படி ஏமாறும். நீங்கள் தெளிவாக, தலைசுற்றல் இல்லாமல் இருக்கும்போது 42 என்று வந்தால், ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அது வேறு விஷயம், உடனே கிளம்புங்கள். வீட்டில் நாடி பார்ப்பதானால் முழு நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்கில்லாத துடிப்புக்குச் சரிவராது.

கேள்வி: முன்பெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தால் துடிப்பு 62. இப்போது 80க்குக் குறைவதே இல்லை.

மேலறையை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகள் வழியாகத்தான் வேகஸ் நரம்பு இதய வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வளையம் போடும்போது அவற்றில் சிலவும் பாதிக்கப்படும். பத்து, இருபது துடிப்பு கூடுவது சாதாரணம். சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். ஓய்விலேயே 100க்கு மேல் நின்றால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாட்ச் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லை’ என்கிறது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் 150. அரை மணி நேரமாகக் குறையவே இல்லை.

வாட்சை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். துடிப்பு தாறுமாறாக இருக்கிறதா என்பதைத்தான் அது முக்கியமாகத் தேடுகிறது. உங்களுடையது ஒழுங்காக, வேகமாக ஓடுகிறது. ஏட்ரியல் ஃப்ளட்டராக இருக்கலாம். மேலறையில் மின்சாரம் நிமிடத்துக்கு 300 தடவை வட்டமடிக்க, ஏவி முடிச்சு (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் வாசல்) இரண்டுக்கு ஒன்றைத்தான் கீழே விடும். அதனால்தான் 150. போட்ட வளையத்தில் விட்டுப்போன சிறு இடைவெளி வழியாகவும் இப்படி ஒரு சுற்று உருவாகலாம். படியேறியதால் கூடிய துடிப்பு, உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இது அசையாது. இன்றைக்கே போய்ப் பன்னிரண்டு லீட் இசிஜி எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

கேள்வி: துடிப்பு சுத்தமாக ஒழுங்காகிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தலாமா? பல் துலக்கினாலே ரத்தம் வருகிறது.

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் மேல் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம். துடிப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் குறைந்தது இரண்டு, மூன்று மாதம் அந்த மாத்திரை உண்டு. அதற்குப் பிறகு தொடர்வதா என்பதையும் துடிப்பை வைத்து முடிவெடுப்பதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். ஈறில் ரத்தம் வருவதைச் சொல்லுங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு எஸ்விடிக்கு (திடீரென்று துடிப்பு மிக வேகமாக ஓடும் கோளாறு) அப்லேஷன். பழைய வேகம் ஆரம்பிக்கப்போவது போல ஒரு துள்ளல், உடனே அடங்கிவிடுகிறது.

தூண்டிவிடும் எக்டோபிக் இன்னமும் வருகிறது, அது சுற்றி ஓட வழிதான் இல்லை. பெரும்பாலும் நல்ல சேதி.

கேள்வி: எதற்கெல்லாம் யோசிக்காமல் ஓட வேண்டும்?

மயக்கம், ஓயாத நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல். தொடை இடுக்கில் துளை போட்ட இடம் வேகமாக வீங்கினால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள். முதல் சில நாள் மூச்சை இழுத்தால் குத்துவதும், முன்னால் குனிந்தால் அது குறைவதும் பெரும்பாலும் இதய உறையின் அழற்சி. அதைப் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும், விழுங்கும்போது வலியும், அல்லது காய்ச்சலோடு பக்கவாதம் போன்ற அறிகுறியும் வந்தால் அவசரம். இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் இருக்கிறது. மிக மிக அரிதாக, சூடு பட்ட இடம் அரித்து இரண்டுக்கும் நடுவில் ஓட்டை விழும். உயிருக்கே ஆபத்து. ‘அப்லேஷன் செய்து இத்தனை வாரம் ஆகிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நெஞ்சு சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். சந்தேகம் இருக்கும்போது எண்டோஸ்கோப்பி கூடாது, உள்ளே செலுத்தும் காற்று ரத்தத்தில் கலந்துவிடும்.

கேள்வி: அப்பா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்சில் இசிஜி எடுக்கிறார். தூங்குவதே இல்லை.

பாவம், பதற்றத்தில் ஏறும் துடிப்பைப் பார்த்து இன்னும் பதறுகிறார். தூக்கமின்மையே எக்டோபிக்கைக் கூட்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, அப்புறம் ஏதாவது உணர்ந்தால் மட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். உணர்ந்து எடுத்ததில் நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்துவையுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டருக்கு அந்தக் குறிப்பு போதும். தூங்கும்போது குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியிருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஃபிப்ரிலேஷன் திரும்ப வர வாய்ப்பு கூடும்.