மார்ச் 3 இடைநிறுத்தம், மே 10 மனு: காலம் கடந்ததா?

மார்ச் 3ஆம் திகதி வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்ட ஊழியர் மே 10ஆம் திகதி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தால் காலம் கடந்ததா என்பதுதான் உங்கள் பரீட்சை வினா. கடந்துவிட்டது என்று எழுதி முடித்துவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அந்த மனுவைக் கொடுக்க இலங்கை அரசியலமைப்பின் 126(2) உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது, சரி. ஆனால் அந்த ஊழியர் மார்ச் 20ஆம் திகதியே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருக்கிறார். அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) பிரிவுப்படி, ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் மனுவுக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது.

அரசியலமைப்பை மட்டும் வைத்துப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையில் நாங்கள் கூடிப் படித்தபோதும் இதே இடத்தில்தான் சறுக்கினோம். வினாத்தாள் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, சம்பவம், முறைப்பாடு, மனு என்று மூன்று திகதிகளையும் குறித்துப் பாருங்கள்.

ஒன்று கவனம்: முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்ததைக் காட்டும்படி உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. வினாவில் அந்த விவரம் இல்லையென்றால் இரண்டு பக்கமும் வாதிடுங்கள்.