வெளிநாட்டில் வாங்கும் ரைஃபிள் தோட்டாவைப் போட்டி ஷூட்டர் சட்டப்படி ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் கூடவே எடுத்துப்போய் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரும் தோட்டா வேறு, அங்கே கடையில் வாங்கும் தோட்டா வேறு. பிராண்டும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கலாம், சட்டத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. போட்டி ஷூட்டர்களுக்கு நாடுகள் தரும் சலுகைகளில் பெரும்பாலானவை முதல் வகைக்குத்தான். இது புரியாமல்தான் பலர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது, .22 காலிபர் (தோட்டாவின் விட்ட அளவு) சுடுகிறீர்கள், போட்டிக்குப் போகிற சாக்கில் உங்கள் பேரலுக்கு ஒத்துவரும் லாட்டை, அதாவது ஒரே தொகுதியில் தயாரான தோட்டாக்களை, வாங்கிவர ஆசை என்று எடுத்துக்கொள்கிறேன். லைசென்ஸ் இல்லாதவருக்கு இந்தப் பதில் பயன்படாது. "தோட்டா கடத்த வழி சொல்கிறான்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று: கீழே இருப்பது முழுக்க அனுமதி வாங்குவது, அறிவிப்பது, எண்ணிக்காட்டுவது பற்றித்தான்.

சலுகை எதுவரை என்பதற்கு இரண்டு உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 258/2012 விதிமுறைப்படி, ஒன்றியத்துக்கு வெளியே தற்காலிகமாகத் துப்பாக்கியும் தோட்டாவும் எடுத்துப்போகும் போட்டி ஷூட்டருக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டாம். உச்சவரம்பு 1,200 ரவுண்டு (ஒரு ரவுண்டு என்றால் ஒரு தோட்டா), வேட்டைக்காரருக்கு 800. வெளியிலிருந்து வந்தவர் தான் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகவும் அதில் வழி உண்டு. அங்கே புதிதாக வாங்கியதற்கு இது பொருந்தாது. அமெரிக்கா இன்னும் கறார். அங்கே குடியிருப்பு இல்லாத வெளிநாட்டவர் ஏ.டி.எஃப். என்ற ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறையின் படிவம் 6என்ஐஏ மூலம் உள்ளே கொண்டுவந்த துப்பாக்கியையும் தோட்டாவையும் மட்டுமே உரிமமில்லாமல் வெளியே எடுத்துப்போகலாம். கடையில் வாங்கிய பெட்டிக்குத் தனி ஏற்றுமதி உரிமம் வேண்டும். விற்கிற கடைக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம். "எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க" என்று அவர் சொல்வது உங்களுக்கு எந்த அரணும் இல்லை.

சலுகையை நம்பி இன்னொரு குளறுபடியும் நடக்கும். 1,000 ரவுண்டு என்று எழுதிக்கொடுத்து உள்ளே போகிறீர்கள், 400 சுட்டாயிற்று. ரேஞ்சிலேயே 400 வாங்கிச் சேர்த்து, திரும்பும்போதும் 1,000 காட்டினால் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். எண்ணிக்கை சரி, லாட் எண் வேறு. போகும்போது கொடுத்த பட்டியலில் லாட் எண் இருந்தால் சுங்க அதிகாரி அதைத்தான் பார்ப்பார். குறைவாகத் திரும்புவது இயல்பு. கூடுதலாகவோ வேறு லாட்டாகவோ இருந்தால் அது புதுச் சரக்கு.

ஆகவே வாங்கிவரத்தான் வேண்டும் என்றால் மூன்று காகிதம்: சொந்த நாட்டின் இறக்குமதி அனுமதி, வாங்கும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி, வழியில் இறங்கும் நாடு கேட்டால் அதன் அனுமதி. வரிசை முக்கியம். முதலில் இறக்குமதி அனுமதி, ஏனென்றால் ஏற்றுமதி அனுமதி தரும் அலுவலகம் பெரும்பாலும் அதன் நகலைத்தான் முதலில் கேட்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் லைசென்ஸில் தோட்டா வரம்பு எவ்வளவு, கையிருப்பு போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அனுமதி 2,000க்கு வந்தாலும் லைசென்ஸில் 800தான் பாக்கி என்றால் 800தான்.

காலிபரை எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். லைசென்ஸில் .308 வின்செஸ்டர் என்றிருக்க, ரசீதில் 7.62x51 என்று வந்தால் அது ராணுவப் பெயர். .223 ரெமிங்டனுக்கும் 5.56x45க்கும் இதே கதை. கடைக்காரரிடம் லைசென்ஸைக் காட்டி, அதிலுள்ளபடியே ரசீது போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், தயாரிப்பாளர், லாட் எண், ரவுண்டு எண்ணிக்கை, விலை எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். இன்னொன்று, தூர இலக்குப் போட்டிக்கான மேட்ச் குண்டுகள் (குண்டு என்பது தோட்டாவிலிருந்து பறந்துபோகும் பகுதி) பலவற்றின் முனையில் சிறு துளை இருக்கும். அது தயாரிப்பு முறையால் வருவது, உடலில் விரிவதற்காக அல்ல. ஆனால் விரியும் குண்டுக்குக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் பெட்டிமேல் "ஹாலோ பாயிண்ட்" (துளைமுனைக் குண்டு) என்று பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளை அச்சடித்துக் கையில் வையுங்கள்.

விமானத்துக்கு வருவோம். ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனச் சங்கத்தின் விதிப்படி ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோ, அதுவும் ஆபத்து குறைந்த வெடிபொருளான 1.4எஸ் வகை, அதாவது யு.என். 0012 அல்லது 0014 எண்ணுள்ள தோட்டா மட்டும். வெடிக்கும் குண்டு, தீப்பற்றவைக்கும் குண்டு கூடாது. 5 கிலோவில் அட்டைப்பெட்டியும் உறையும் சேர்த்தி. .22 எல்.ஆர். ஒன்று சுமார் 3.4 கிராம், 1,200ஐத் தாண்டாதீர்கள். .223 சுமார் 12 கிராம், 350 போதும். .308 ஒன்றே 24 கிராமை ஒட்டி வரும், 180க்குமேல் போனால் தராசு காட்டிக்கொடுக்கும். கூட வரும் நண்பரின் 5 கிலோவை உங்கள் பெட்டியில் சேர்த்து 10 ஆக்க முடியாது. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு அனுமதி.

விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் கிளம்பாதீர்கள். குறைந்தது மூன்று நாள் முன்பே எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்னது கவுண்ட்டரில் செல்லாது. டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில், பறப்பது இன்னொன்று என்றால், பறப்பவரின் விதிதான் விதி. சில நிறுவனங்கள் தோட்டாவைத் தொடுவதே இல்லை. சில துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்க விடும், சில தனிப் பூட்டுப்பெட்டி கேட்கும். தயாரிப்பாளரின் அட்டைப்பெட்டியிலேயே வைத்து, ஆடாமல் ஃபோம் கொடுங்கள். .22இன் ப்ரைமர் கலவை (அடித்ததும் தீப்பொறி தருவது) விளிம்பில் இருப்பதால் உதிரியாகக் கொட்டிவைப்பது விதிக்கும் விரோதம், புத்திக்கும் விரோதம். மேகசினில் ஏற்றியும் வைக்காதீர்கள். ரீலோடிங் செய்கிறவர்கள், அதாவது தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள், கவனிக்க: பவுடரும் ப்ரைமரும் பயணப்பெட்டியில் அறவே கூடாது. வெறும் குண்டும் காலிக் கேஸும் விமானத்துக்குச் சரி, ஆனால் சில நாடுகளின் ஆயுதச் சட்டத்தில் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு.

இரண்டு தனித்தனி டிக்கெட்டில் பயணம் செய்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். எடுத்த நொடியில் அந்த நாட்டுக்குள் தோட்டா இறக்குமதி செய்தவர் ஆகிவிடுகிறீர்கள். கடைசி ஊர்வரை ஒரே டேக்கில் போகும் டிக்கெட் விலை கூடினாலும் அதையே எடுங்கள். பெட்டி விமானத்துக்கு விமானம் நேராக மாறினாலும் சில நாடுகள் அனுமதி கேட்கும், முன்பே விசாரியுங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையைக் கேபின் பையாக்கவே வேண்டாம். தையலுக்குள் கிடக்கும் ஒற்றை .22 போதும், போட்டி, விமானம், லைசென்ஸ் மூன்றும் தொங்கலாகிவிடும்.

இங்கே ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லை. கோல்ஃப் பையை விளையாட்டுச் சாமான் என்று சிரித்தபடி ஏற்றும் சில விமான நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டிக்குத் தனிக்கட்டணம் போட்டு, நம்மையும் ஒரு மாதிரிப் பார்க்கின்றன. இரண்டுமே ஒலிம்பிக் விளையாட்டு! தேசிய அணியில் இருப்பவருக்குக் காகித வேலை பார்க்க மேலாளர் உண்டு. கிளப்பில் சுடுகிறவர் விடுப்பு போட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதுதான்.

லாட் விஷயத்தில் என் கருத்து, பெரிய அளவைக் கையில் கொண்டுவர முயலாதீர்கள். லாப்புவா, ஈலி போன்ற தோட்டாத் தயாரிப்பாளர்கள் உங்கள் துப்பாக்கியை வைத்தே 50 மீட்டரில் லாட் சோதித்துத் தருகிறார்கள். பிடித்த லாட்டை அங்கேயே ஒதுக்கிவைக்கச் சொல்லி, உள்ளூரில் இறக்குமதி உரிமமுள்ள டீலர் பெயரில் சரக்காக வரவழையுங்கள். 5 கிலோ வரம்பு அதற்குக் கிடையாது, ஒரு சீசனுக்கு வேண்டியது மொத்தமாக வந்துவிடும். டீலர் கமிஷனும் காத்திருப்பும் உண்டுதான். சர்வதேசத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், வெடிபொருளுக்கு அங்கே தடை.

ஊரில் இறங்கியதும் சுங்கத்தில் அறிவிக்கும் சிவப்பு வழி. பெட்டி பெல்ட்டில் வராமல் தனியாக வரலாம், தேடிப் பதறாதீர்கள். அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து ரவுண்டுகளை எண்ணிக்காட்டுங்கள். வரி கட்டிய ரசீதை வாங்கிக்கொண்டு, அனுமதியின் பின்பக்கம் எத்தனை ரவுண்டு வந்தது என்று எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். பலர் களைப்பில் இந்த முத்திரையை விட்டுவிடுவார்கள். அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கும்போது, கையில் இருக்கும் தோட்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அந்த முத்திரைதான் இருக்கும். உள்ளூர்ச் சட்டப்படி தோட்டாப் பதிவேட்டிலோ காவல் நிலையத்திலோ பதிய வேண்டியிருந்தால், கெடுவுக்குள் லாட் எண்ணோடு பதிந்துவிடுங்கள்.