பச்சையாக நின்ற பயிர் பதரானது ஏன்? நெல்லும் வறட்சியும்: கேள்வி-பதில்

ஐயா, எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். மானாவாரி, நேரடி விதைப்பு. கார்த்திகைக்கு அப்புறம் மழையே இல்லை. ஆனாலும் பயிர் காயவில்லை, பச்சையாகத்தான் நின்றது. அறுத்துப் பார்த்தால் முக்கால்வாசி பதர். பயிர் தாங்கியும் நெல் இல்லாமல் போனது ஏன்?

வறட்சி ஆராய்ச்சியின் மையப் பிரச்சினையையே கேட்டிருக்கிறீர்கள். பயிர் உயிரோடு நிற்பது ஒன்று, மணி பிடிப்பது வேறொன்று. இரண்டையும் நடத்தும் மரபணுக்களும் பெருமளவு வேறு வேறு.

கதிர் வெளியே வருவதற்குச் சுமார் 10 நாட்களுக்கு முன்பு, தொண்டைக்கதிர் பருவத்தில், மகரந்தத்தின் தாய்ச் செல்கள் பிரிகின்றன. நெற்பயிரின் ஆயுளில் தண்ணீர்க் குறைவைத் துளியும் பொறுக்காத நாட்கள் அவை. மகரந்தம் முளைத்துச் சூலகம் வரை போக வேண்டுமென்றால் அதற்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். இலையில் தயாராகும் சர்க்கரை மகரந்தப்பைக்கு வருகிறது. அங்கே இன்வர்டேஸ் என்ற நொதி அதை உடைத்துக் கொடுத்தால்தான் மாவுச்சத்தாக மாறும். வறட்சி தாக்கியதும் இந்த நொதியின் வேலை சரிந்துவிடுகிறது. சர்க்கரை பைக்குள் தேங்கி நிற்க, மகரந்தம் பட்டினி கிடக்கிறது. அதற்குப் பிறகு மழை கொட்டினாலும் அந்த மகரந்தம் தேறாது. இலை மட்டும் தெளிந்து பச்சையாக நிற்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூக்கும் நாளில் காலையில், வெடிப்பதற்கு முன்பு, ஒரு பூவைப் பிரித்து மகரந்தப்பையை ஒரு சொட்டு அயோடின் கரைசலில் நசுக்கி நுண்ணோக்கியில் வையுங்கள். நல்ல மகரந்தம் உருண்டையாக, கருநீலமாகத் தெரியும். அடிபட்டது வெளிறிய மஞ்சளாகச் சுருங்கிக் கிடக்கும். பக்கத்துப் பள்ளியிலோ கல்லூரியிலோ நுண்ணோக்கி இருந்தால் கேட்டுப் பாருங்கள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே விளைச்சல் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொரு சேதமும் கூடவே நடக்கும். கதிரைத் தாங்கும் காம்பு நீள்வது நின்று, கதிரின் அடிப்பகுதி, கடைசியாக வரும் கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். உள்ளே மாட்டிய பூக்கள் திறப்பதில்லை, அவையும் பதர்தான். உங்கள் பக்கம் மழை ஓய்வதும் கதிர் வருவதும் ஒன்றாக அமைந்துவிட்டால் இந்த இரண்டு அடியும் சேர்ந்தே விழும். அதனால்தான் அங்கே ரகத்தின் வயதுக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

சார், நான் வேளாண்மை படிக்கிறேன். நெல்லில் வறட்சியைத் தாங்கும் மரபணு எது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. அப்படி ஒரே மரபணு இல்லை. நிலம் காயும்போது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வேலை கூடுகிறது அல்லது குறைகிறது.

ஆனால் அதில் ஒரு வரிசை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாடம் சுலபம். தண்ணீர் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரக்கிறது. செல்லுக்குள் எஸ்என்ஆர்கே2 என்ற நொதியை இன்னொரு புரதம் எப்போதும் அடக்கி வைத்திருக்கும். அப்சிசிக் அமிலம் தன் ஏற்பியில் போய் ஒட்டியதும், அந்த ஏற்பி அடக்கி வைத்திருந்த புரதத்தையே பிடித்துக்கொள்கிறது. எஸ்என்ஆர்கே2 விடுபடுகிறது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காவல் செல்களிலிருந்து அயனிகள் வெளியேறி, செல் தளர்ந்து, இலைத்துளை மூடுகிறது. கூடவே மரபணுக்களை இயக்கும் புரதங்களும் முடுக்கப்படுகின்றன. அவை செல்லில் நீரைப் பிடித்துவைக்கும் புரோலின் போன்ற பொருட்களைச் சேர்க்கவும், செல்லைக் காக்கும் புரதங்களை உண்டாக்கவும் உத்தரவிடுகின்றன. அப்சிசிக் அமிலத்தை நம்பாமல் தனி வழியில் போகும் டிரெப் என்ற இயக்கும் புரதக் குடும்பமும் உண்டு.

இந்த இயக்கும் புரதங்களில் எஸ்நாக்1-ஐக் கட்டாயம் படியுங்கள். சீனாவின் வூஹானில் உள்ள ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்தினர் 2006-ல் வெளியிட்டது. அதைக் கூடுதலாக இயங்கவைத்த பயிர்களில், பூக்கும் பருவத்துக் கடும் வறட்சியிலும் மணி பிடிப்பு 22 முதல் 34 சதவீதம் அதிகம் இருந்தது. வயலில், அதுவும் பூக்கும் பருவத்தில் சோதித்தார்கள் என்பதால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். தொட்டியில் நாற்றைக் காயப்போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, எத்தனை பிழைத்தன என்று எண்ணிவிட்டு 'வறட்சி மரபணு' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். முதல் கேள்வி கேட்ட விவசாயிக்கு அவற்றால் என்ன பயன் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

ஆழமாக வேர் விடும் மரபணு கண்டுபிடித்துவிட்டார்களாமே? அது எல்லா நெல்லிலும் இருக்கிறதா?

டிரோ1 என்று பெயர். 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் அடையாளம் காட்டினார்கள். பிலிப்பைன்ஸின் மேட்டுநில ரகமான கினாண்டாங் பாட்டோங்கில் இது முழுமையாக வேலை செய்கிறது. பரவலாகப் பயிரான குட்டை ரகமான ஐஆர் 64-இல் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருப்பதால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வேர் கிடைமட்டமாகப் பரவுகிறது. நல்ல வடிவத்தை ஐஆர் 64-க்குள் கொண்டுவந்தபோது வேர் செங்குத்தாக இறங்கியது, கடும் வறட்சியிலும் விளைச்சல் கிடைத்தது.

ஆனால் ஆழத்தில் ஈரம் இருக்க வேண்டும், வேர் அங்கே போகவும் வழி இருக்க வேண்டும். வருடக்கணக்காகச் சேறு கலக்கி உழுத வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகிக் கிடக்கும். அங்கே இந்த மரபணு இருந்தும் பெரிதாகப் பயன் இல்லை.

அந்தக் காலத்து நெட்டை நெல் வறட்சியைத் தாங்கியது. குட்டை ரகங்கள் வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டது என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?

தாத்தா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. ஐஆர் 8-ல் தொடங்கி வந்த குட்டை ரகங்களின் உயரத்தைக் குறைத்தது 1-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்டி1 மரபணு. அதற்கு மிக அருகிலேயே, வறட்சியில் மகசூலைக் காக்கும் ஒரு பகுதி இருக்கிறது. நாகினா 22 போன்ற பழைய இந்திய ரகங்களில் அது நல்ல வடிவத்தில் உண்டு. பழைய ரகங்களின் நெட்டைக் குணமும் இந்த நல்ல பகுதியும் நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. குட்டைப் பயிராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள், வறட்சி தாங்கும் பகுதியைத் தெரியாமலே கழித்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அன்றைய தேர்வு வயல்கள் எல்லாம் தண்ணீர் பாய்ந்த வயல்கள், நஷ்டம் அங்கே தெரிய வழியில்லை. பிறகு பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்தப் பிணைப்பை உடைத்து, குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் உள்ள பயிர்களை எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் பழையது எல்லாம் தாங்கும், புதியது எல்லாம் சாயும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் வந்தனாவையும் இந்தோனேசியாவின் வே ராரெமையும் கலந்தபோது, 12-ஆம் குரோமோசோமில் பலமான ஒரு பகுதி கிடைத்தது. வறட்சி தாங்கும் ரகம் வந்தனாதான், ஆனால் அந்தப் பகுதி வந்தது வறட்சியில் வாடும் வே ராரெமிலிருந்து. அதன் நல்ல குணம் வேறு மரபணுக்களின் துணை கிடைத்த பிறகே வெளிப்பட்டது. ஒரு ரகத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'இதில் ஒன்றுமில்லை' என்று ஒதுக்கிவிட முடியாது. விதை வங்கிகளை இதற்காகவே காப்பாற்ற வேண்டும்.

2025-ல் அறிவித்த மரபணுத் திருத்த நெல் வறட்சியைத் தாங்குமா? அது பி.டி. பருத்தி போலத்தானே?

பூசா டிஎஸ்டி ரைஸ் 1-ஐக் கேட்கிறீர்கள். எம்டியு 1010 ரகத்தில் டிஎஸ்டி என்ற ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்திருக்கிறார்கள். இலைத்துளைகள் எளிதில் மூடாமல் தடுப்பது அந்த மரபணுவின் வேலை. அது இல்லையென்றால் காவல் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து துளைகள் விரைவில் மூடும், நீர் மிஞ்சும். பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணு இருக்கிறது. இதில் வெளி உயிரினத்தின் மரபணு சேர்க்கப்படவில்லை, இருந்ததில் மாற்றம் செய்திருக்கிறார்கள்.

துளை மூடினால் நீரோடு சேர்ந்து கரியமில வாயு வரத்தும் குறையும், இலையின் சூடும் ஏறும். மேலும், அறிவிக்கப்பட்ட மகசூல் கணக்குகள் பெரும்பாலும் உவர், களர் நிலங்களை ஒட்டியவை. மானாவாரி வயலில் பல பருவம் பார்த்த பிறகே வறட்சி பற்றிப் பேசலாம் என்பது என் கருத்து.

வறட்சியில் விளைந்த நெல்லை விதைக்கு வைத்தால் அடுத்த பயிர் பழகிக்கொள்ளுமா?

ஒரு பருவத்தில் பழகாது. டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் வேதிக் குறிகள் சில தலைமுறை தாண்டிப் போவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் விதை எடுக்க அதை நம்ப வேண்டாம். வறட்சியில் விளைந்த நெல்லில் அரைகுறை மணி அதிகம், முளைப்புத்திறன் குறையும்.

ராமநாதபுரம், சிவகங்கை மானாவாரிக்கு எந்த ரகம்?

பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா (ஆர்) 4, வயது 100 முதல் 105 நாள். மழை ஓய்வதற்குள் பூத்துவிடும் என்பதே அதன் பெரிய பலம். கோ 53-ஐயும் பாருங்கள். அதில் ராமநாதபுரத்துப் பழைய ரகமான நொறுங்கனின் ரத்தம் இருக்கிறது. எதைப் போட்டாலும் விதையை 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்திவிட்டு விதையுங்கள். கண்மாயில் ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் இருப்பு என்றால், தூர் கட்டும்போது கொடுத்துத் தீர்த்துவிடாமல் தொண்டைக்கதிருக்கு வைத்திருங்கள்.