ஹீலோ பக்கம் ஓய்வுக்காலம்: மழைத்தொட்டி, கீரை, எறும்பு, பூமாலை – கேள்வி பதில்

ஹவாய்த் தீவின் கிழக்குப் பக்கம், ஹீலோவும் பூனாவும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் சின்ன மனை வாங்கிக் குடியேறும் பகுதி. ஹீலோவில் ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை. ஆனால் பூனாவில் பல தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கூரைத் தண்ணீர்தான். தண்ணீர், தோட்டம், பூ இவை பற்றிக் கேளுங்கள். வரி, விசா, காப்பீடு என் துறை அல்ல. என்ன கேட்டாலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்று: ஓடில்லா நத்தை ஊர்ந்த எதையும் பச்சையாக வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி (பாஹோவா): அக்கா, நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கூரை 1,200 சதுர அடி. 5,000 காலன் தொட்டி போதுமா? தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் மழை பெய்தால் சுமார் 600 காலன் இறங்கும். உங்கள் கூரைக்கு 700 என்று வையுங்கள். இருவர் குளிக்க, துவைக்க, சமைக்க நாளுக்கு 100 காலன் போகும். 5,000 காலன் என்றால் 50 நாள். சாதாரண வருடங்களில் அது தாராளம். எல் நினோ வருடத்தில் குளிர்காலம் வறண்டு போகும், அப்போது ஊரே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும். 10,000 காலன் தொட்டியாகப் போடுங்கள்.

இனி குடிக்கிற விஷயம். முதலில் கூரையைப் பாருங்கள். பழைய வீடு என்றால் ஈயத்தலை ஆணி, ஈயத்தகடு இருக்கலாம். எரிமலைப் புகையால் மழை புளிப்பேறி வரும்போது அந்த ஈயம் கரைந்து தொட்டிக்குள் வந்துவிடும். எந்த வடிகட்டி வாங்குவதற்கும் முன்னால் ஈயப் பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்தது தொட்டியின் மூடி. வலை எங்கேயாவது கிழிந்திருந்தால் எலியும் நத்தையும் உள்ளே போகும். நத்தை தண்ணீரில் விழுந்து செத்தால் அதன் உடம்பிலிருக்கும், மனிதருக்கு மூளை உறை வீக்கம் தரும் எலி நுரையீரல் புழுவின் குஞ்சுகள் வெளியே வந்து அடியில் படியும். அதனால் பம்புக்குப் போகும் குழாயை அடிமட்டத்தில் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள், அல்லது மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள். தொட்டிக்கு மேல் தொங்கும் கிளையை வெட்டிவிடுங்கள், எலிக்கு அதுதான் பாலம்.

பம்புக்குப் பின்னால் முதலில் 20 மைக்ரான் வடிகட்டி, அடுத்து 5 மைக்ரான் கார்பன் பிளாக் (கரி வடிகட்டி), கடைசியில் புற ஊதா விளக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கலங்கல் தண்ணீரில் புற ஊதா ஒளி ஊடுருவாது, எலிக்காய்ச்சல் கிருமி நிழலில் தப்பிவிடும். விளக்கு எரிகிறது என்பதற்காக அப்படியே விடாதீர்கள். கண்ணுக்கு எரிவது தெரிந்தாலும் வீரியம் குறைந்திருக்கும், வருடம் ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும்.

தொட்டிக்குக் குளோரின் போடுவதானால் வாசனை சேர்க்காத 6 சதவீத ப்ளீச், 1,000 காலனுக்குச் சுமார் 60 மி.லி. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு வரும். இலைச்சருகு அதிகமிருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும், சோதனைத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் குளோரின் பாக்டீரியாவுக்குத்தான், புழுக்குஞ்சைக் கொல்லும் என்று நம்பவேண்டாம்.

கேள்வி (வால்கனோ கிராமம்): கிலாவேயா எரிமலை பொங்கும் நாட்களில் என்ன செய்வது?

பதில்: கூரைக்குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். பேலேயின் முடி எனப்படும் கண்ணாடி இழை காற்றில் வந்து கூரையில் படியும். அது அடங்கியபின் முகக்கவசம், கையுறை போட்டுக் கூரையைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டு, பிறகு மாட்டுங்கள்.

கேள்வி (ஹீலோ): இந்தியாவிலிருந்து வரும்போது கறிவேப்பிலைக் கன்று, இல்லாவிட்டால் கொஞ்சம் இலையாவது கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். இங்கேயே கன்று கிடைக்கிறது. யாராவது வளர்த்தால் வேர்ப்பக்கக் கன்று ஒன்று கேளுங்கள், அல்லது நன்றாகக் கறுத்த பழம் வாங்கி, சதையை நீக்கிக் கழுவி, சில நாளுக்குள் விதையுங்கள். காய்ந்த விதை முளைக்காது. ஹீலோ மழையில் இதன் வேர் அழுகும். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கருப்பு எரிமலைச் சரளை கலந்து மேட்டில் வையுங்கள்.

கேள்வி (மவுன்டன் வியூ): மரத்தடியில் நின்றால் கழுத்தில் ஏதோ விழுந்து தீ மாதிரி எரிகிறது. எறும்பு கண்ணுக்கே தெரியவில்லை.

பதில்: குட்டி நெருப்பெறும்பாக இருக்கும். 1999-இல் பூனாவில் முதலில் கண்டுபிடித்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், வெளிர் ஆரஞ்சு, மெதுவாக நகரும். தரையில் மட்டும் இல்லை, மரத்தின் மேலும் கூடு கட்டும். அதனால்தான் காற்றடித்தால் கழுத்தில் விழுகிறது.

சோதனை இப்படி. சாப்ஸ்டிக் குச்சிகளின் நுனியில் கடலை வெண்ணெயை மெல்லிசாக, குச்சியின் நிறம் தெரியும் அளவுக்குப் பூசுங்கள். கட்டியாக வைத்தால் எறும்பு உள்ளே ஒட்டிக்கொண்டு அடையாளம் தெரியாது. காலையில் மரக்கிளைப் பிரிவு, பூந்தொட்டி அடி, குப்பைத்தொட்டிப் பக்கம் என்று நிழலான ஈர இடங்களில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஜிப் பைக்குள் போட்டு ஒருநாள் ஃப்ரீசரில் வையுங்கள். ஹீலோவிலுள்ள ஹவாய் எறும்பு ஆய்வகத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள்.

தெளிப்பு மருந்து அடித்தால் வெளியே வந்த வேலைக்கார எறும்பு மட்டும் சாகும். ஒரே கூட்டத்தில் ராணிகள் பல, அவை உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். தீனியோடு கலந்த மருந்தை எறும்பே ராணிக்குக் கொண்டுபோக வேண்டும். தரைக்குக் குருணை, மரத்துக்குக் கூழ். 6 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 8 முறை. நான்காவது முறையில் எறும்பு காணாமல் போகும், அப்போது நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. குருணை நனைந்தால் வீண், மழையில்லாத காலை பார்த்துப் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலியில் எறும்பு நிற்காது.

கேள்வி (கியாவ்): சென்னைக் கறிவேப்பிலையைத் துணிக்குள் சுற்றி...

பதில்: மேலே பார்க்கவும். துணிக்குள் சுற்றினாலும் அதே பதில்.

கேள்வி (ஹீலோ): வீட்டுத்தோட்டத்து லெட்டூஸ், கொத்தமல்லி பச்சையாகச் சாப்பிட ஆசை. உப்பு, மஞ்சள் கலந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் போதுமல்லவா?

பதில்: போதாது. பூனாவில் முதுகில் நகம்போல் சின்ன ஓட்டுத்துண்டு உள்ள அரைநத்தை உண்டு. நுரையீரல் புழுவை அதிகம் சுமப்பது அதுதான். குட்டி அரைநத்தை ஓர் அரிசியளவு, லெட்டூஸ் மடிப்புக்குள் இருந்தால் கண்ணில் படாது. இலையைத் தனித்தனியாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில், இரு பக்கமும் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. வேகவைப்பதும், 24 மணி நேரம் ஃப்ரீசரில் உறையவைப்பதும்தான் கொல்லும். கொத்தமல்லியை ரசம் கொதிக்கும்போதே போடுங்கள்.

கேள்வி (அதே ஹீலோ அன்பர்): தலைமுறை தலைமுறையாக மஞ்சள்தான் கிருமிநாசினி. புழுவுக்கு மட்டும் வேலை செய்யாதா?

பதில்: சார், மஞ்சளை நான் குறைத்துப் பேசவில்லை. இது பாக்டீரியா அல்ல, தோல் போர்த்திய புழுக்குஞ்சு. 10 நிமிட மஞ்சள் தண்ணீரில் அது சாகாது. உப்பு பட்டால் நத்தை இன்னும் அதிகமாகக் கோழை விடும், அந்தக் கோழை மற்ற இலைகளுக்கும் பரவும். ஊறவைக்கும் பாத்திரமே சிக்கல்: ஒரு இலையில் இருந்தது எல்லா இலைக்கும் போகும். அதனால்தான் ஓடும் தண்ணீர் என்கிறேன்.

கேள்வி (பாஹோவா): நாங்கள் வினிகர் போடுகிறோம். அதுவாவது?

பதில்: நம்பாதீர்கள். எலுமிச்சைச்சாறும் அப்படித்தான், குளோரினும் அப்படித்தான்.

கேள்வி (ஹவாயன் பாரடைஸ் பார்க்): எல்லாரையும் பயமுறுத்துகிறீர்களே. இத்தனை பேர் சாலட் சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன ஆனது?

பதில்: பலருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனவர்களுக்கு ஆவது மூளை உறை வீக்கம். பொறுக்கமுடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், சட்டை உரசினாலே தோல் எரிவது, மாதக்கணக்கில் நரம்பு வலி. 70 வயது உடம்பு அதிலிருந்து எழுந்துவர எவ்வளவு காலமாகும் என்று யோசியுங்கள். சாலட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரையிலிருந்து உயர்த்திய மேசைப்பாத்தி, கால்களைச் சுற்றிச் செம்புப் பட்டை, இரவு 9 மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று, இடுக்கியால் பிடித்து உப்புத்தண்ணீர் ஜாடியில் போட்டு மூடுவது. இதை இருவரும் முறைவைத்துச் செய்தால் இரண்டு மாதத்தில் எண்ணிக்கை விழும். வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி (ஹீலோ): போன வாரம் சாலட் சாப்பிட்டேன், இப்போது தலைவலி.

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். பச்சை இலை சாப்பிட்ட தேதியைச் சொல்லுங்கள், நுரையீரல் புழு என்ற வார்த்தையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (கர்ட்டிஸ்டவுன்): முருங்கை, சேம்பு வளருமா?

பதில்: முருங்கையை இங்கே பிலிப்பினோ மக்கள் மருங்காய் என்று கிட்டத்தட்ட நம் பெயரிலேயே அழைக்கிறார்கள், சந்தையில் கட்டுக்கட்டாக வரும். சேம்புதான் ஹவாய் மக்களின் கலோ, அவர்களுக்கு முன்னோர் போன்ற பயிர். இலையை ஒரு மணி நேரமாவது வேகவையுங்கள், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். நத்தைக்கும் சேம்பிலை பிடிக்கும், தண்டு மடிப்பைப் பிரித்துக் கழுவுங்கள்.

கேள்வி (ஹீலோ): மனைவி மாலை கட்டுவதில் கெட்டிக்காரர். இங்கே லேய் (ஹவாய்ப் பூமாலை) கட்டும் குழுவில் சேரச் சொல்கிறார்கள். நம் முறை உதவுமா?

பதில்: நிறைய உதவும். பூக்களே நமக்குத் தெரிந்தவை. இங்கே பிகாகே என்பது நம் மல்லிகைதான். மன்னராட்சிக் காலத்து ஹவாய் இளவரசி கையுலானிக்கு மல்லிகையும் மயிலும் பிடித்திருந்தன, மயிலுக்கான ஆங்கிலச் சொல்லே ஹவாய் உச்சரிப்பில் பூவின் பெயராகிவிட்டது. கிரீடப்பூ என்பது நம் எருக்கம்பூ. பிள்ளையாருக்குச் சூட்டும் அதே எருக்கு இங்கே அன்றைய அரசி லிலியுவோகலானிக்குப் பிடித்திருந்த பூ, மேன்மையின் அடையாளம்.

முறை இரண்டைச் சொல்கிறேன். விலி என்பது நாரால் சுற்றிச் சுற்றிக் கட்டுவது, உங்கள் மனைவியின் கை உடனே பிடித்துக்கொள்ளும். குயி என்பது ஊசியில் கோப்பது. நீள ஊசி, 100 அங்குல நூல், இரட்டையாக மடித்தால் 40 அங்குல மாலைக்கும் முடிச்சுக்கும் போதும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் நன்றாக உழைக்கும். மீன்பிடி நரம்பு பூவை அறுத்துவிடும். புளுமேரியா, அதாவது ஈழத்தலரிப்பூ, ஒரு மாலைக்கு 50 வேண்டும். காம்பைக் கிள்ளி, ஊசியைப் பூவின் நடுவில் ஏற்றிக் காம்பு வழியாக எடுங்கள். பக்கவாட்டில் குத்தினால் மாலை ஒருபுறம் திரும்பிக்கொள்ளும். பத்துப் பூ ஏறியதும் இரண்டு விரலால் மெதுவாக நூலுக்குத் தள்ளுங்கள். அழுத்தித் தள்ளினால் இதழ் அங்கேயே பழுத்துவிடும். மல்லிகையை மொக்காகவே பறியுங்கள், விரிந்தது கோக்க ஆகாது.

எருக்கில் பால் வரும். பறித்ததைத் தண்ணீரில் அலசி, கையுறையோடு கோக்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், கண்ணைத் தொடும் முன் கை கழுவுங்கள்.

மரியாதை முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். மாலை தோளில் பாதி முன்னும் பாதி பின்னுமாக விழவேண்டும். கர்ப்பிணிக்கு முனை மூடிய மாலை போடமாட்டார்கள், திறந்த மாலைதான். கொடுத்தவர் எதிரில் கழற்றக்கூடாது. குப்பையில் போடக்கூடாது. நூலை உருவிவிட்டுப் பூவை மண்ணுக்கோ மரத்தடிக்கோ திருப்பிக் கொடுங்கள். 1928 முதல் மே 1 லேய் நாள், அதற்கு முந்தின வாரம் குழுவில் கைகள் நிறையத் தேவைப்படும். ஓஹியா என்ற காட்டு மரத்தின் லெஹுவா பூவைக் கேட்காமல் பறிக்காதீர்கள். ஓஹியாவைக் கொல்லும் பூஞ்சை இந்தத் தீவில் பரவிக்கிடக்கிறது. காட்டுக்குப் போய்வந்தால் செருப்பின் மண்ணைத் துலக்கி 70 சதவீத ஆல்கஹால் தெளியுங்கள்.

கேள்வி (கோனா): உகுலேலே எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நான்கு நரம்பு, ஜி சி ஈ ஏ. முதலில் சி கார்டு, ஏ நரம்பின் மூன்றாம் கட்டில் மோதிர விரல் மட்டும். பிறகு ஏ மைனர், எஃப், ஜி7. இந்த நான்கு தெரிந்தால் மூத்தோர் வட்டத்தில் உட்காரலாம். புது நரம்பு இரண்டு வாரம் இழுபடும், சுருதி இறங்குவது உங்கள் தவறல்ல. காரில் விட்டுப்போகாதீர்கள், வெயிலில் பசை இளகிப் பாலம் பெயரும்.

கேள்வி (காவாய்): பக்கத்தில் சிவன் கோயில் உண்டாமே?

பதில்: உங்கள் தீவிலேயே. 1970-இல் யாழ்ப்பாணம் யோகசுவாமியின் சீடரான சிவாய சுப்ரமுனியசுவாமி நிறுவிய காவாய் ஆதீனம். கருங்கல்லைப் பெங்களூர்ப் பக்கம் கையால் செதுக்கிக் கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023-இல் கும்பாபிஷேகம் நடந்தது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (மூன்று பேர், ஒரே கேள்வி): கறிவேப்பிலை?

பதில்: மூன்றாம் முறை: கொண்டுவராதீர்கள், இங்கே வாங்குங்கள். வாங்கிய கன்றின் தொட்டியடியைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையில் அரைநத்தையோ எறும்புக்கூடோ இருந்தால் வீட்டுக்குள் எடுத்துவராமல் கடையிலேயே விட்டுவிடுங்கள்.