தாத்தா பெயர் விட்டுப்போகவில்லை

கேள்வி: எங்கள் மகனுக்கு நாத்தான்வேல் என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறோம். மறைந்த மாமனாரின் பெயர் யோனத்தான். அந்தப் பெயர் இத்தோடு விட்டுப்போகிறதே என்று மாமியார் கண் கலங்குகிறார். போதாக்குறைக்கு, ‘இதில் வேல் எங்கிருந்து வந்தது?’ என்று உறவினர்கள் வேறு கேட்கிறார்கள். என்ன செய்வது? - வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, மாமனாரின் பெயர் எங்கும் போய்விடவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த பெயருக்குள்ளேயே அது இருக்கிறது.

பழைய எபிரெயப் பெயர்களில் பல, சின்னஞ்சிறு வாக்கியங்கள். ‘நாத்தான்’ என்றால் தந்தார். ‘ஏல்’ என்றால் கடவுள். ‘யோ’ என்பது யெகோவா என்ற திருப்பெயரின் சுருக்கம். பெயரின் கடைசியில் வந்தால் அதுவே ‘யா’ ஆகிவிடும். ஆக, யோனத்தான் என்றால் ‘யெகோவா தந்தார்’. நாத்தான்வேல் என்றால் ‘தந்தார் கடவுள்’. வேதத்தில் வரும் எல்நாத்தானும் நெத்தானியாவும் இதே பொருள்தான். பிள்ளை வரம் பெற்ற வீட்டின் நன்றியை நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேல் என்பது முருகன் கை வேல் அல்ல, அதே ‘ஏல்’தான். பழைய ஏற்பாட்டில் நெதனெயேல் என்று வரும் பெயர், கிரேக்கம் வழியாகப் புதிய ஏற்பாட்டுக்கு வந்தபோது தமிழில் நாத்தான்வேல் ஆயிற்று. அதற்காக ‘ஏல்’ என்று முடிவதெல்லாம் கடவுள் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ராகேல் என்றால் பெண் ஆடு. அந்த ‘ஏல்’ எபிரெயத்தில் வேறு எழுத்து. தெபொராள் தேனீ, யோனா புறா, தாமார் பேரீச்சை.

இவை ஏட்டில் மட்டும் வாழ்ந்த பெயர்கள் அல்ல. 1982-இல் எருசலேமின் தாவீது நகர அகழாய்வில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான். அவை ஒட்டியிருந்த ஆவணச் சுருள்கள், எருசலேமை அழித்த பாபிலோனியர் வைத்த தீயில் எரிந்துபோயின. அதே தீ களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. ஒன்றில் ‘சாப்பானின் மகன் கெமரியாகு’ என்று இருக்கிறது. ‘யாகு’ என்பது ‘யா’வின் நீண்ட வடிவம்தான். எரேமியா 36-ஆம் அதிகாரத்தில் வரும் கெமரியாவின் பெயரும், அவர் தகப்பன் பெயரும் அப்படியே இருக்கின்றன. படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

பெயரை மாற்றாதீர்கள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே நாம் பேரன் என்கிறோம்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, யோனத்தான், நாத்தான்வேல் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இரண்டிலும் ‘தந்தார்’ என்ற பகுதி எது என்று அவரையே கோடிடச் சொல்லுங்கள்.